மதுரையில் நடையும் மலையேற்றமும்: தெப்பக்குளத்தில் தொடங்கி அரிட்டாபட்டி வரை

மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் பெரும்பாலானவை உயரமானவை அல்ல. நெடுஞ்சாலையில் போகிற எல்லோரும் திரும்பிப் பார்க்கும் யானைமலைகூடப் பெரிய உயரமில்லை. புதிதாக வருகிறவர்கள் ஏமாறுவதும் இதனால்தான். இந்தக் குட்டி மலைக்கு என்ன பெரிய தயாரிப்பு என்று காலை 9 மணிக்குக் கிளம்புவார்கள். காலில் தேய்ந்த செருப்பு, கையில் அரை லிட்டர் தண்ணீர். பத்தரை மணிக்குச் சுடும் பாறையில் நின்றுகொண்டு இறங்க வழி தேடுவார்கள். இங்கே ஏறுவது யாருக்கும் கஷ்டமில்லை. வெயிலும் இறக்கமும்தான் ஆளைத் தள்ளிவிடும்.

கீழே ஆறு நடைகள் இருக்கின்றன. எளிதிலிருந்து கடினத்துக்கு என்ற கணக்கில் மட்டும் இவற்றை வரிசைப்படுத்தவில்லை. ஒவ்வொன்றிலும் அடுத்ததற்குத் தேவையான ஒரு பழக்கம் வந்துவிடும். வாரம் ஒன்று என்று போனால் ஒன்றரை மாதத்தில் முடியும்.

1. நேரத்தைப் பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள்

எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்று யோசிக்காதீர்கள். எத்தனை மணிக்குப் பாறையைவிட்டு இறங்கியிருக்க வேண்டும் என்பதிலிருந்து ஆரம்பியுங்கள். மார்ச் முதல் ஜூன் வரை காலை 8 மணி. மற்ற மாதங்களில் 9 மணி. பாறை வெயிலை வாங்கித் தனக்குள் வைத்துக்கொள்ளும். காற்று இதமாக இருக்கிறதே என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே காலுக்குக் கீழிருந்து அனல் ஏறத் தொடங்கிவிடும்.

சமதரையில் 4 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் வையுங்கள். ஏற்றத்தில் ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்துக்கும் 15 நிமிடம் கூட்டுங்கள். இறங்குவதற்கும் ஏறிய அதே நேரத்தை ஒதுக்குங்கள். இறக்கம் சீக்கிரம் முடியும் என்று பாதி நேரம் போடுவது புதியவர்கள் எல்லோரும் செய்கிற பிழை. பாறையில் பழக்கமில்லாத கால் ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் தயங்கும்.

சமணர் மலையை எடுத்துக்கொள்வோம். ஏற 50 நிமிடம், மேலே 20 நிமிடம், இறங்க 50 நிமிடம். ஆக மொத்தம் இரண்டு மணி நேரம். ஜனவரியில் 7 மணிக்கு அடிவாரத்தில் இருந்தால் போதும். ஏப்ரலில் 6 மணிக்கே முதல் படியில் கால் வைக்க வேண்டும். மதுரையில் மே மாதம் 6 மணியளவில் விடிந்துவிடும், ஜனவரியில் சூரியன் வர ஆறரையைத் தாண்டும் என்பதால் இந்தக் கணக்கு இரண்டு பருவத்துக்கும் ஒத்துவரும்.

மாலையில் மலை வேண்டாம். ஐந்து மணிக்கும் பாறை ஆறியிருக்காது, ஏழு மணிக்குள் இருட்டிவிடும். நடுவில் கிடைக்கும் நேரம் ஏறி இறங்கப் போதாது. மாலை நடைக்குத் தெப்பக்குளமும் நகர வீதிகளும் இருக்கின்றன.

2. மாதம், மழை, திருவிழா

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. மழை பெய்தால் அடுத்த இரண்டு நாள் பாறைப் பக்கம் போகாதீர்கள். மேல்பரப்பு காய்ந்த மாதிரி தெரிந்தாலும் தண்ணீர் வழிந்த தடங்களில் பாசி வழுக்கும்.

சித்திரைத் திருவிழா நாட்களில் மாசி வீதிகளும் அழகர்கோவில் சாலையும் நடைக்கு உதவாது. தைப் பௌர்ணமித் தெப்பத் திருவிழா அன்று தெப்பக்குளமும் அப்படித்தான். திருவிழா பார்க்கத் தாராளமாகப் போங்கள், நடைக்கு வேறு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

3. காலில் என்ன, பையில் என்ன

முதலில் செருப்பு, ஷூ. ஷூவைத் திருப்பி அடிப்பாகத்தில் கட்டைவிரலை ஓட்டிப் பாருங்கள். வரிப்பள்ளங்கள் விரலில் தட்டுப்படவில்லை என்றால் அது தெருவுக்கு மட்டும்தான் ஆகும். அடிப்பாகம் ரப்பராக இருக்க வேண்டும், வளைத்தால் முன்பாதியில் வளைய வேண்டும். விலை உயர்ந்த மலையேற்ற பூட்ஸ் இந்த ஆறு நடைக்கும் தேவையே இல்லை. நல்ல ஓட்டப்பயிற்சி ஷூ போதும்.

ரப்பர் செருப்பு ஏன் ஆகாது? வழுக்கும் என்பது பாதிக் காரணம்தான். குன்றுகளின் அடிவாரமெல்லாம் சீமைக்கருவேலம். அதன் காய்ந்த முள் மெல்லிய ரப்பரை ஊசி மாதிரி துளைத்துக்கொண்டு உள்ளங்காலில் ஏறும். பிடுங்கினால் முனை உடைந்து உள்ளேயே தங்கிவிடும், இரண்டு நாள் கழித்துச் சீழ் கட்டும். வேலிமுள்ளை வெட்டிப்போட்ட பாதையில் நடக்க நேர்ந்தால் ஷூவோடு இருந்தாலும் பார்த்து மிதியுங்கள்.

கால் நகங்களை முந்தின நாளே வெட்டுங்கள். இறங்கும்போது விரல்கள் ஷூவின் முன்பக்கம் முட்டும், நகம் நீண்டிருந்தால் கறுத்துப்போகும். தடித்த காலுறை ஒரு ஜோடி கூடுதலாகப் பையில் இருக்கட்டும். கோவில் வளாகங்களில் ஷூவைக் கழற்றிய பிறகு கல்தளத்தில் நடக்க அது உதவும்.

தண்ணீர்: இரண்டு மணி நேர மலை நடைக்கு ஆளுக்கு ஒன்றரை லிட்டர், கோடையில் இரண்டு. அதை ஒரே பாட்டிலாகக் கொண்டுபோகாமல் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று ஏற, ஒன்று இறங்க. முதல் பாட்டில் உச்சிக்கு முன்பே தீர்ந்தால் அந்த இடத்திலேயே திரும்புங்கள். ஒரே பெரிய பாட்டிலாக இருந்தால் மிச்சம் எவ்வளவு என்பதைக் கவனிக்க மாட்டீர்கள்.

வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள், நிறையச் சாப்பிட்டும் ஏறாதீர்கள். கிளம்புவதற்கு அரை மணி முன்பு இரண்டு இட்லியோ இரண்டு வாழைப்பழமோ போதும். பையில் கடலை மிட்டாய், ஓஆர்எஸ் பாக்கெட் இரண்டு, பருத்தித் துண்டு, சின்ன டார்ச், விசில். பை முதுகில் இரண்டு தோளிலும் தொங்க வேண்டும். கையில் பிடிக்கும் கவரோ ஒற்றைத் தோள் பையோ கூடாது. பாறையில் இரண்டு கையும் சும்மா இருந்தால்தான் தடுமாறும்போது ஊன்ற முடியும்.

வரைபடத்தை வீட்டிலேயே போனில் இறக்கி வைத்துவிடுங்கள். மலைக்குப் பின்பக்கம் போனால் சிக்னல் போய்விடும்.

4. முதல் நடை: தெப்பக்குளத்தில் ஐந்து சுற்று

வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் சுமார் 305 மீட்டருக்கு 290 மீட்டர். ஒரு சுற்று 1.2 கிலோமீட்டர், ஐந்து சுற்று 6 கிலோமீட்டர். காமராஜர் சாலை வழியாக நகரப் பேருந்துகள் போகும். காலை ஐந்தரைக்கே நடைக்காரர்கள் வந்துவிடுவார்கள் என்பதால் தனியாகப் போகிறவர்களுக்கும் நல்ல இடம்.

இது உங்கள் உடம்பையும் ஷூவையும் சோதித்துப் பார்க்கிற நாள். மலைக்குப் போடப்போகிற அதே ஷூ, அதே காலுறை, தண்ணீரோடு அதே பை. மூன்றாவது சுற்றில் குதிகாலில் எரிச்சல் வந்தால் மலையில் அது கொப்புளமாகும். அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய இடம் இது, ஆட்டோ நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில்.

ஐந்து சுற்றையும் 90 நிமிடத்துக்குள் முடித்து, கடைசிச் சுற்றிலும் மூச்சு வாங்காமல் பேச முடிந்தால் அடுத்ததற்குப் போகலாம். முடியவில்லை என்றால் அடுத்த வாரமும் இங்கேயே நடங்கள்.

5. இரண்டாம் நடை: சித்திரை வீதி, மாசி வீதி

மீனாட்சியம்மன் கோவிலைச் சுற்றி வீதிகள் சதுரத்துக்குள் சதுரமாக இருக்கின்றன. மதிலுக்குள்ளே ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, அடுத்து ஆவணி மூல வீதி, பிறகு மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. ஊர் தெரியாதவர்கூட இங்கே வழி தவற முடியாது. கோபுரம் எப்போதும் வலப்பக்கம் இருக்கும்படி நடந்தால் போதும்.

கீழைக் கோபுர வாசலில் தொடங்கிச் சித்திரை வீதியில் ஒரு சுற்று. வண்டித் தொல்லை இல்லாத வீதி இது, ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. பிறகு விட்டவாசல் (பழைய கோட்டை வாசல்) வழியாகக் கிழக்கே வந்து கீழமாசி வீதியைப் பிடித்து, தெற்கு, மேலை, வடக்கு மாசி வீதிகள் வழியாகத் திரும்புங்கள். இரண்டு சுற்றும் சேர்த்து ஒன்றரை மணி நேரம்.

காலை 6 மணி சரியான நேரம். ஏழரைக்கு மேல் கீழமாசி வீதியில் மளிகைச் சரக்கு இறக்கும் வண்டிகள் ஓரத்தை அடைத்துக்கொள்ளும், நடுச்சாலையில் நடக்க வேண்டிவரும். நடை முடிந்ததும் தள்ளுவண்டியில் பருத்திப்பால் கிடைத்தால் ஒரு டம்ளர் குடியுங்கள், சுக்கும் கருப்பட்டியுமாகச் சூடாக இறங்கும். கோவிலுக்குள் போவதாக இருந்தால் போனை வெளியே பாதுகாப்பகத்தில் கொடுக்க வேண்டும். நடு மதியம் கோவில் நடையைச் சாத்திவிடுவார்கள்.

இந்த நடையில் பழக வேண்டியது ஒன்றுதான்: நிற்காமல் ஒரே வேகத்தில் போவது. வேகமாக நடந்து நின்று, மறுபடி வேகமாக நடப்பவர்கள்தான் மலையில் முதலில் களைப்பார்கள்.

6. மூன்றாம் நடை: அழகர்கோவிலிலிருந்து நூபுர கங்கை

மதுரைக்கு வடக்கே சுமார் 21 கிலோமீட்டரில் அழகர்கோவில். நகரிலிருந்து பேருந்து உண்டு. கோவில் அடிவாரத்திலிருந்து பழமுதிர்சோலை முருகன் கோவில் வரை மலைச்சாலை சுமார் 3 கிலோமீட்டர். அதற்கு மேலே நூபுர கங்கையும் ராக்காயி அம்மன் கோவிலும். போய்வர மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள்.

பாறைக் குன்றுகளுக்கு முன் இதை வைத்ததற்குக் காரணம் உண்டு. இதுதான் முதல் ஏற்றம், ஆனால் தார்ச்சாலை, பெரும்பாலும் நிழல். கால் வழுக்குமோ என்ற பயம் இல்லாமல் மூச்சையும் தொடையையும் மட்டும் பழக்கலாம். முடியாவிட்டால் எந்த இடத்திலிருந்தும் திரும்பலாம், மேலே போகும் வண்டியிலும் ஏறிக்கொள்ளலாம்.

சாலையின் வலப்பக்கம் நடங்கள். எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும். வளைவுகளில் மட்டும் வெளி ஓரத்துக்கு வாருங்கள், உள் ஓரத்தில் நின்றால் இறங்கி வருகிறவருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். ஏறும்போது அடியைச் சிறிதாக்குங்கள், வேகத்தை அல்ல மூச்சைப் பாருங்கள்.

இங்கே குரங்குகளை மறக்கவே கூடாது. வாழைப்பழம், தேங்காய், பிளாஸ்டிக் கவர் எதுவும் கையில் இருக்கக்கூடாது. கவர் சலசலக்கும் சத்தம் அவற்றுக்குச் சாப்பாட்டு மணி. தின்பண்டம் எல்லாம் ஜிப் மூடிய பைக்குள் இருக்கட்டும். குரங்கு பறித்துவிட்டால் விட்டுவிடுங்கள், திரும்பப் பிடுங்கப் போனவர்கள்தான் கடிபடுகிறார்கள். கடித்தாலோ பிறாண்டினாலோ ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே வெறிநாய்க்கடி ஊசிக்கு மருத்துவமனை போய்விடுங்கள்.

கிருத்திகை, சஷ்டி நாட்களிலும் ஆடி அமாவாசையிலும் கூட்டம் அதிகம், தவிர்க்கலாம். இறங்கி வந்ததும் கள்ளழகர் கோவில் தோசைப் பிரசாதம் வாங்கிச் சாப்பிடுங்கள். தடிமனாக, மிளகு வாசனையோடு இருக்கும். ஒன்றை இரண்டு பேர் பகிர்ந்துகொண்டால் சரியாக இருக்கும்.

7. நான்காம் நடை: கீழக்குயில்குடி சமணர் மலை

தேனி சாலையில் நாகமலைப் புதுக்கோட்டை வரை பேருந்து அடிக்கடி கிடைக்கும். அங்கிருந்து கீழக்குயில்குடிக்கு ஆட்டோ பிடிப்பது சுலபம். ஊருக்குள் போகும் பேருந்து குறைவு என்பதால், திரும்பும் ஏற்பாட்டை ஏறுவதற்கு முன்பே செய்துகொள்ளுங்கள். பத்து மணி வெயிலில் சாலை வரை நடந்துவருவது மலை ஏறியதைவிடப் பெரிய வேலையாகிவிடும்.

அடையாளங்கள் மூன்று: தாமரைக்குளம், ஐயனார் கோவில், பெரிய ஆலமரம். கோவிலை ஒட்டி மலைக்குப் படிகள் தொடங்குகின்றன. முதலில் ஆலமரத்தடியில் நின்று ஷூ நாடாவை இறுக்கிக் கட்டுங்கள், ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள், கழிப்பறைத் தேவை இருந்தால் இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். மேலே மறைவிடம் கிடையாது. அதோடு, அது தொல்லியல் துறை பாதுகாக்கும் இடம்.

படி வழியே ஏறினால் பேச்சிப்பள்ளம் வரும். பாறை முகத்தில் வரிசையாக எட்டுச் சமணச் சிற்பங்கள், அடியில் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் கல்வெட்டுகள். புதியவர்கள் பெரும்பாலும் இந்த வரிசையை ஒரு நிமிடத்தில் போட்டோ எடுத்துவிட்டு மேலே ஓடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். பத்து நிமிடம் இங்கே நில்லுங்கள். பாம்பு படம் விரித்த தலையோடு நிற்பவர் பார்சுவநாதர் என்ற தீர்த்தங்கரர் (சமண குரு), கொடி சுற்றிய காலோடு நிற்பவர் பாகுபலி என்ற சமண முனிவர். கிட்டப் போய்ப் பார்த்தால் கல்வெட்டு எழுத்துகள் எவ்வளவு ஆழமில்லாமல் இருக்கின்றன என்பது தெரியும். நகத்தின் தடிமன்கூட இல்லாத இடங்கள் உண்டு. கை வைத்துத் தேய்ப்பதும், எழுத்து தெரியட்டும் என்று சாக்பீஸ் தடவுவதும் அவற்றை அழித்துவிடும். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது. சட்டம் கிடக்கட்டும். ஆயிரம் ஆண்டு வெயிலிலும் மழையிலும் நின்ற எழுத்து நம் விரலால் போகக்கூடாது.

முதல் முறை வருகிறவர்கள் பேச்சிப்பள்ளத்தில் கடிகாரத்தைப் பாருங்கள். எட்டு மணிக்கு முன்பாகவும் (மார்ச் முதல் ஜூன் வரை என்றால் ஏழு மணிக்கு முன்பாகவும்) இரண்டாவது பாட்டில் முழுதாகவும் இருந்தால் மட்டும் மேலே போங்கள். இரண்டில் ஒன்று இல்லையென்றால் இதோடு இறங்கிவிடலாம். பார்க்க வேண்டியதில் பெரும்பகுதியைப் பார்த்துவிட்டீர்கள்.

மேலே போகும் வழி பாறையிலேயே வெட்டிய படித்தடங்கள். பழைய சமணப் பள்ளி (துறவிகள் தங்கிய மடம்) ஒன்றின் அடித்தளம், கன்னடக் கல்வெட்டு, உச்சியில் தீபத்தூண். காற்று பலமாக அடிக்கும் இடம் இது. தொப்பி பறந்தால் துரத்திக்கொண்டு ஓடாதீர்கள். குழந்தைகள் இருந்தால் கையை விடாதீர்கள், உச்சியில் ஓரம் எங்கே முடிகிறது என்பது வட்டமான பாறையில் தெரியாது. மெல்லச் சரிந்து கொண்டே போய்த் திடீரென்று செங்குத்தாகிவிடும்.

இறங்கிய பிறகு தெம்பு இருந்தால் செட்டிப்பொடவு. மலையடிவாரத்தை ஒட்டியே மேற்காகப் போனால் தென்மேற்குச் சரிவில் வரும், சில படிகள்தான். குகை வாசலில் அமர்ந்த நிலையில் பெரிய தீர்த்தங்கரர். உள்ளே வளைந்த கூரையில் சிங்கத்தின் மேல் அமர்ந்து யானைமேல் இருப்பவனோடு போரிடும் பெண் தெய்வம். இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், குகை நிழல். ஏற்றத்தை முடித்துவிட்டு இளைப்பாற ஏற்ற இடம்.

8. பாறையில் இறங்கும் முறை

இதை யாரும் சொல்லித் தருவதில்லை. அதனால் கொஞ்சம் விரிவாக.

இறங்கத் தொடங்குமுன் நாடாவை அவிழ்த்து, குதிகாலை ஷூவின் பின்புறம் ஒட்டத் தள்ளி, மறுபடி இறுக்குங்கள். இப்போது விரல்களுக்கு முன்னால் இடம் இருக்கும்.

பாதத்தை முழுதாகப் பாறையில் பதியுங்கள். பயந்துபோனவர்கள் உடம்பைப் பின்னால் சாய்த்துக் குதிகாலை மட்டும் ஊன்றுவார்கள். அப்படிச் செய்தால் பாறையைத் தொடும் ரப்பர் கால்வாசிதான், அதனால்தான் வழுக்குகிறது. முழங்காலை லேசாக மடக்கி, உடம்பைக் காலுக்கு நேர்மேலே வைத்துக்கொண்டு, அரை அடி அரை அடியாக வையுங்கள். ரொம்பச் சரிவாக இருந்தால் உட்கார்ந்து கையை ஊன்றி இறங்கலாம், அதில் ஒரு குறைச்சலும் இல்லை. பக்கவாட்டில் கால் மாற்றி இறங்குவதைவிட அது பத்திரம்.

பாறையின் நிறத்தைப் படிக்கப் பழகுங்கள். மேலிருந்து கீழாகக் கறுத்த பட்டைகள் தெரியும். அது மழைத்தண்ணீர் வழியும் தடம். காய்ந்திருந்தால் ஒன்றும் செய்யாது, ஈரம் பட்டால் எண்ணெய் தடவியது போல. சில இடங்களில் பாறை பொருக்குப் பொருக்காக உரிந்திருக்கும், காலால் தட்டினால் உள்ளே கூடாகச் சத்தம் கேட்கும். அதன்மேல் நிற்காதீர்கள். சரளைக்கல் சிதறிய பாறைதான் எல்லாவற்றிலும் மோசம், கால் வைத்ததும் கல் உருளும். சுத்தமான சொரசொரப்பான சாம்பல் பாறைதான் உங்கள் வழி.

படியைவிட்டு விலகிக் குறுக்கு வழி தேடாதீர்கள். கீழே கோவில் தெரிகிறது, நேராக இறங்கிவிடலாம் என்று தோன்றும். மேலிருந்து பார்க்கும்போது கண்ணுக்குத் தெரியாத செங்குத்து நடுவில் இருக்கும். ஏறிய வழியே இறங்குங்கள்.

9. ஐந்தாம் நடை: யானைமலை, சமணப் படுகை வரை மட்டும்

மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர் போகும் பேருந்தில் ஒத்தக்கடையில் இறங்கி, நரசிங்கம் ஊருக்கு ஆட்டோ. யோக நரசிங்கப் பெருமாள் குடைவரையும் பக்கத்தில் லாடன் கோவிலும் பார்த்துவிட்டு, மலைமேல் சமணப் படுகைகளுக்குப் (சமணத் துறவிகளுக்காகப் பாறையில் வெட்டிய படுக்கைகள்) போகும் படி வழியைக் கேட்டு ஏறுங்கள். ஊர்க்காரர்களிடம் "படுக்கைக்கு எப்படிப் போறது?" என்று கேட்டால் கைகாட்டுவார்கள்.

இங்கே ஒரே விதி: படியும் படுகையும் முடிகிற இடத்தில் நம் நடையும் முடிகிறது. நெடுஞ்சாலையிலிருந்து தெரியும் யானையின் தலைப்பகுதி எல்லோரையும் இழுக்கும். சுமார் 4 கிலோமீட்டர் நீளமுள்ள ஒற்றைப் பாறை, நிழல் கிடையாது, தண்ணீர் கிடையாது, இருபக்கமும் சரிவு. வழி தெரிந்த உள்ளூர் ஆள் இல்லாமல் முதுகில் நடக்கக் கிளம்பாதீர்கள். படுகை வரை போனாலே வயலும் கண்மாயும் நகரமும் விரிந்து தெரியும்.

சுனைகளில் இறங்காதீர்கள். பாறைக்குழியில் நிற்கும் தண்ணீர் முழங்கால் அளவுபோல் தெரியும், ஆழம் வேறாக இருக்கும். ஓரம் பாசி பிடித்திருப்பதால் நீச்சல் தெரிந்தவரும் ஏறி வர முடியாது.

10. ஆறாம் நடை: அரிட்டாபட்டி

மேலூர் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே விலகிப் போகும் ஊர், மதுரையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். சொந்த வண்டியில் போவது நல்லது. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம், பரப்பு 193.42 ஹெக்டேர். ஏழு குன்றுகள், ஆனைகொண்டான் கண்மாய், ஏராளமான சுனைகள். சுமார் 250 வகைப் பறவைகள் பதிவாகியிருக்கின்றன.

நடை பெரும்பாலும் சமதரையில்தான். அப்படியிருந்தும் கடைசியில் வைத்ததற்குக் காரணம், இங்கே கைப்பிடிக் கம்பியோ கடையோ அறிவிப்போ எல்லா இடத்திலும் இருக்காது. நேரம், தண்ணீர், வழி மூன்றையும் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். முந்தின ஐந்தில் வந்த பழக்கம் இங்கே பயன்படும்.

கழிஞ்சமலையின் மேற்கே குடைவரைச் சிவன் கோவில். வாசலின் இருபுறமும் பிள்ளையாரும் இலகுலீசர் என்ற சைவ குருவும். மலையின் மறுபக்கம் தமிழி (தமிழ் பிராமி) கல்வெட்டுள்ள குகைத்தளம். முதலில் குடைவரை, பிறகு மலையைச் சுற்றிக் குகைத்தளம், கடைசியில் கண்மாய்க் கரை என்று போனால் கரை மரநிழலில் முடிக்கலாம். மொத்தம் மூன்று மணி நேரம்.

பறவை பார்க்க விரும்புகிறவர்கள் வரிசையை மாற்றி, விடிந்ததும் கண்மாய்க் கரைக்குப் போங்கள். செங்குத்துப் பாறைகளில் லகர் வல்லூறும் ராஜாளிக் கழுகும் உண்டு. குளிர்காலத்திலும் அதை அடுத்த மாதங்களிலும் கூடு கட்டும் நேரம். கூட்டுக்குக் கீழே கூட்டமாக நின்றால் தாய்ப்பறவை எழுந்து போய்விடும், முட்டை வெயிலில் கிடக்கும். பறவை உங்களைப் பார்த்துக் கத்திக்கொண்டு வட்டமடித்தால் நீங்கள் ரொம்பக் கிட்ட வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். பின்வாங்குங்கள். டிரோன் கொண்டுபோகாதீர்கள்.

மழைக்குப் பிந்திய மாதங்களில் ஊசிப்புல் முற்றியிருக்கும். விதை காலுறையில் குத்தி நூலோடு பின்னிக்கொண்டு நடக்க நடக்க உள்ளே ஏறும். நீளமான பேண்ட்டைக் காலுறைக்கு வெளியே விட்டு நடந்தால் பாதி தொல்லை குறையும்.

வயல் வரப்பில் போக நேர்ந்தால் அங்கே நிற்கிற அண்ணனையோ அக்காவையோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். அது அவர்களுடைய நிலம். 2025 ஜனவரியில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் ரத்தாகும் வரை இந்த மலைகளுக்காகப் போராடியவர்கள் அவர்கள். வெளியாள் யார், எதற்கு வந்தான் என்று விசாரிப்பார்கள், நின்று பதில் சொல்லுங்கள்.

11. இதற்கு மேல் காடு என்றால் அனுமதி

மேலே சொன்னவை கோவில் சாலைகள், தொல்லியல் இடங்கள், ஊர்ப் பாதைகள். அதைத் தாண்டிக் காப்புக் காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையக்கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணியில் நடந்த காட்டுத்தீக்குப் பிறகு விதிகள் கடுமையாகிவிட்டன, அது நியாயமும்கூட. தமிழ்நாடு அரசின் 'ட்ரெக் தமிழ்நாடு' தளத்தில் பதிவு செய்து வழிகாட்டியோடு போகலாம். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை தீ அபாயக் காலம் என்று பாதைகளை மூடுவார்கள், அதைப் பார்த்துத் திட்டமிடுங்கள்.

12. ஏதாவது ஆகிவிட்டால்

வெயில் தாக்கினால் முதலில் தலைவலி, பிறகு குமட்டல், எரிச்சலான பேச்சு. கூட வந்தவர் காரணமில்லாமல் கோபப்பட்டால் வெயிலாக இருக்கலாம் என்று யோசியுங்கள். நிழலில் உட்காரவைத்து, துண்டை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் வைத்து, ஓஆர்எஸ் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். உளறல் வந்தாலோ நினைவு தப்பினாலோ வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். எந்த மலை, எந்தப் பக்கம், பக்கத்தில் எந்தக் கோவில் என்று சொல்லுங்கள். கீழே ஒருவரைச் சாலையில் நிறுத்திவையுங்கள், ஆம்புலன்ஸ் அடிவாரத்தைத் தேடி அலையும் நேரம் மிச்சமாகும்.

பாறை விளிம்புகளுக்கு அடியில் கறுத்த அடை தொங்கினால் அது மலைத்தேனீ. கல் எறிவது, சிகரெட் புகைப்பது, சத்தமாகப் பாட்டுப் போடுவது எதுவும் வேண்டாம். வாசனைத் திரவியமும் போட்டுவராதீர்கள். கலைந்துவிட்டால் கையை வீசாமல், துண்டால் தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு வந்த வழியே வேகமாக விலகுங்கள். தண்ணீருக்குள் குதிக்காதீர்கள், மேலே காத்திருக்கும். கொட்டிய இடத்தில் கொடுக்கு இருந்தால் உடனே சுரண்டி எடுங்கள். மூச்சுத் திணறினாலோ முகம் வீங்கினாலோ அதுவும் 108-தான்.

கணுக்கால் பிசகினால் ஷூவைக் கழற்றாதீர்கள். கழற்றிய பிறகு வீங்கினால் மறுபடி போட முடியாது, வெறுங்காலோடு இறங்க வேண்டிவரும். நாடாவை மட்டும் தளர்த்தி, ஒருவர் தோளைப் பிடித்து உட்கார்ந்து உட்கார்ந்து படி வழியே இறக்குங்கள். அடிவாரம் வந்த பிறகு கழற்றிப் பார்க்கலாம்.